மூன்றரை மணிக்குப் பிறந்தவள்

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள். எனக்கு வெயில் ஆகாது. பெரம்பலூர்தானே? நானும் அங்கேதான். ஒரு மணி நேரம் என்கிறான் கண்டக்டர். டிரைவர் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்தால் ஒன்றரை ஆகும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நெஞ்சு வலித்தால் நீங்கள் எங்கே போவீர்கள்? ஆஸ்பத்திரிக்கு. பார்த்தீர்களா, யோசிக்கக்கூட இல்லை. எங்கள் வீட்டில் எங்கே போனார்கள் தெரியுமா? மருத்துவ ஜோதிடரிடம். அப்படி ஒரு தொழில் இருப்பதே எனக்குப் போன மாதம்தான் தெரியும். சாதாரண ஜோசியன் கல்யாணம் எப்போது, வேலை எப்போது என்று சொல்வான். இவன் ஜாதகக் கட்டத்தைப் பார்த்து உடம்புக்குள் எங்கே என்ன கோளாறு என்று சொல்வான். ஈரல், கிட்னி, எலும்பு, எதையும் விட மாட்டான். ஊசி மட்டும்தான் போட மாட்டான்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். எனக்கே சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டுக்காரர் ஐ.டி.ஐ. படித்தவர். துறையூரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். கருகிப்போன மோட்டாரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மோந்து பார்த்தே எங்கே போயிருக்கிறது என்று சொல்வார். அப்படிப்பட்ட மனுஷன் அங்கே போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒன்றரை மாதமாக அவருக்கு ஆகவில்லை. ஐந்து ஹெச்.பி. மோட்டாரை ஒற்றை ஆளாகத் தூக்கி மேசையில் வைக்கிறவர், இப்போது குடத்துத் தண்ணீரைத் தூக்கினாலே நின்றுவிடுகிறார். நெஞ்சை அடைக்கிறதாம். இடது கை மரத்துப் போகிறதாம். முகமெல்லாம் முத்து முத்தாக வியர்வை. நான்தான் தரதரவென்று இழுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு டாக்டரம்மாவிடம் போனேன். சின்னப் பெண். ஈசிஜி எடுத்தது. நீளமான தாளை இரண்டு தடவை பார்த்தது. "அம்மா, இதைத் தள்ளிப் போடாதீங்க. திருச்சிக்குப் போய் ஆஞ்சியோ எடுத்துருங்க. இந்த வாரமே" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தது.

இந்த வாரமே என்றதா? அது சொல்லி ஐந்து வாரம் ஆகிறது.

ஏன் என்றால், எங்கள் வீட்டில் ஒரு மகாராணி இருக்கிறாள். எங்கள் வீட்டுக்காரரின் தங்கை, ஜெயக்கொடி. கல்யாணமாகி மூன்றாம் வருஷமே புருஷனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். நான் அந்த வீட்டுக்கு வாழப் போனபோது அடுப்படியில் அவள்தான் நின்றாள். இன்றைக்கும் அவள்தான் நிற்கிறாள். கடிதத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. "அண்ணே, திருச்சிக்குப் போனா நெஞ்சைப் பொளந்துருவாங்கண்ணே. மொதல்ல ஜாதகத்தைப் பாத்துருவோம்" என்றாள். இவரும் ஆட்டுக்குட்டி மாதிரி அவள் பின்னால் போனார். நானும் போனேன். போகாமல் என்ன செய்வது?

அந்த இடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜோசியன் பெயர் இளமாறன். டாக்டர்கள் போடுகிற வெள்ளைக் கோட்டு. மேசையில் லேப்டாப். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மனுஷன் படம், உடம்பெல்லாம் ராசி ஒட்டியிருக்கிறது. தலையில் ஆடு, நெஞ்சில் நண்டு, வயிற்றில் சிங்கம், பாதத்தில் மீன். கடைத்தெருவில் விலை போகாததையெல்லாம் ஓர் ஆள்மேல் கொட்டியது மாதிரி.

இவர் ஜாதகத்தைத் தட்டினான். கொஞ்ச நேரம் கண்ணை மூடினான். பிறகு, "கடகம் சுத்தமா இருக்குங்க. நெஞ்சுல ஒண்ணுமே இல்ல" என்றான்.

இவர் மெதுவாகச் சொன்னார்: "சார், மோட்டார் தூக்கினா நெஞ்சைத்தான் அடைக்குது."

"அது நெஞ்சு இல்லைங்க. நெஞ்சு மாதிரி."

நெஞ்சு மாதிரியாம்! நான் சிரித்துவிட்டேன். ஜெயக்கொடி என் தொடையில் கிள்ளினாள்.

"சிம்மத்துல ராகு. வயித்துல வாயு. அது மேல ஏறி இதயத்தைத் தட்டுது, டாக்டருங்க அதை ஹார்ட்டுன்னு நெனச்சுக்கிறாங்க. ஓமம், பெருங்காயம், வெள்ளிக்கிழமை ராகு காலத்துல ஒரு விளக்கு. தொண்ணூறு நாள்ல சரியாயிரும்."

இதோடு விட்டானா? விடவில்லை. "எதுக்கும் வீட்டம்மா ஜாதகத்தையும் பாத்துருவோம். புருஷனோட ஆயுசைப் பொண்டாட்டியோட எட்டாம் இடத்துலதான் பாக்கணும்" என்றான். ஜெயக்கொடி தயாராகப் பையில் வைத்திருந்தாள். எடுத்து நீட்டினாள். நான் சுவரில் இருந்த நண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தட்டினான். பார்த்தான். எழுந்து நின்றுவிட்டான்.

"அம்மா, நீங்க மகராசி! எட்டாம் இடம் சுத்தம். குரு வேற பாக்குறாரு. செவ்வாய் ஒம்பதுல போய் உக்காந்துட்டாரு. சார், இந்த அம்மா இருக்கிற வரைக்கும் எமன் உங்க தெருவுக்குள்ளயே வர மாட்டான்."

பதினெட்டுப் பக்கம் அச்சடித்து, புத்தகமாகக் கட்டிக் கொடுத்தான். வெளியே வந்ததும் எங்கள் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? எனக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கினார். இருபத்தேழு வருஷத்தில் வெறுங்கையால் முழம் போட்டதோடு சரி, பூ வாங்கித் தந்ததில்லை. டாக்டரம்மா கொடுத்த கடிதம் அந்தப் பதினெட்டுப் பக்கத்துக்குள் எங்கோ போய்விட்டது. இப்போது நேரத்துக்கு ஓமத் தண்ணீர் குடிக்கிறார். குடித்துவிட்டு ஏப்பம் விட்டால், "பாத்தியா, வாயு வெளியேறுது" என்று தங்கையிடம் காட்டுகிறார். இரண்டு பேருக்கும் எவ்வளவு சந்தோஷம்! மூளை என்று ஒன்று இருந்தால்தானே.

இப்போது சொல்கிறேன், கேளுங்கள். அந்த ஜாதகம் என்னுடையதே இல்லை.

என்னுடையதுதான். ஆனால் இல்லை. நான் பிறந்தது விடியற்காலை ஐந்தரை மணிக்கு. அந்தக் கணக்கில் எட்டில் செவ்வாய். மாங்கல்ய தோஷம். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று போவார்கள். ஒன்பது பேர் அப்படிப் போனார்கள். எங்கள் அப்பா ரேஷன் கடையில் எடை போடுகிறவர். ஒரு நாள் எங்கோ போய்ப் புதுசாக ஒரு ஜாதகம் எழுதி வாங்கி வந்தார். ஐந்தரைக்குப் பிறந்தவளை மூன்றரைக்குப் பிறக்க வைத்துவிட்டார். இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளினால் செவ்வாய் எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போய்விடுமாம். அவ்வளவுதான் வித்தை. "யாரு கேட்டாலும் மூணரைன்னு சொல்லணும் பூங்கொடி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் மூணரை" என்றார். நான் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்து அந்தத் தாளை வரி வரியாகப் பார்த்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இந்த ஜெயக்கொடிதான். அவளுக்கு எட்டில் செவ்வாய். அதனால்தான் புருஷன் செத்தான் என்று ஊரே சொன்னதாம். "எங்க அண்ணனுக்காவது நல்லபடியா அமையணும்" என்று சொல்லித்தான் என்னைத் தேர்ந்தெடுத்தாள். அவளும் நானும் ஒரே செவ்வாய்! எப்படி இருக்கிறது பாருங்கள்.

அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவும் இல்லை. இதை அறிந்தவள் நான் ஒருத்திதான். இப்போது நீங்கள்.

அப்படியானால் அந்த வெள்ளைக் கோட்டுக்காரன் எதைப் பார்த்து எழுந்து நின்றான்? எங்கள் அப்பா எழுதி வாங்கிய பொய்யைப் பார்த்து! பொய்க்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு ஈரல் தெரியுமாம், கிட்னி தெரியுமாம். தூ.

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோதும், உப்பிலியபுரம் ரோட்டில் வண்டியோடு விழுந்தபோதும், எனக்குப் பயம் வந்தது உண்மை. அது யாருக்கும்தான் வரும். என் எட்டாம் இடம்தான் காரணம் என்று நான் நினைக்கவே இல்லை. கந்த சஷ்டிக்கு இருபத்தேழு வருஷமாக விரதம் இருக்கிறேன், அது வேறு விஷயம்.

இருந்தாலும், நிஜ ஜாதகம் என்ன சொல்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லதுதானே? தோஷம் இருந்தால் பரிகாரம் செய்துவிடலாம். அதற்காகப் போன வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியாமல் முசிறிக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், நன்றாகப் பார்ப்பார் என்றார்கள். இத்தனை வருஷமாகப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பழைய நிஜத் தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எட்டுல செவ்வாய். சரி. வீட்டுக்காரருக்கு இப்ப என்ன?"

"நெஞ்சு வலிங்க."

"எத்தனை நாளா?"

"ஒண்ணரை மாசமா."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"திருச்சிக்குப் போகச் சொன்னாங்க."

"போனீங்களா?"

"இல்லைங்க."

தாளை மடித்து என் கையில் திணித்தார். வெற்றிலைத் தட்டில் நான் வைத்த பணத்தையும் அதன் மேலேயே வைத்தார். "எந்திரிம்மா. மொதல்ல அந்த ஆளைத் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போ. அப்புறம் வா, செவ்வாயைப் பத்திச் சாவகாசமாப் பேசுவோம்."

எனக்கு வந்ததே கோபம்! ஜாதகத்தைக் கொடுத்தால் ஜாதகத்தைப் பார்க்க வேண்டியதுதானே? ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வதற்கு நான் முசிறி வரை பஸ் ஏறிப் போக வேண்டுமா? தொழில் தெரியாத மனுஷன். தெரியாது என்று சொல்லிவிட்டால் கௌரவம் போய்விடும், அதனால் டாக்டர் பக்கம் கையைக் காட்டிவிட்டார். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் இன்றைக்குப் பெரம்பலூர். அங்கே ஒருவர் செவ்வாய்க்கென்றே பரிகாரம் செய்கிறாராம். சித்தி மகளுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன்.

என்ன, அப்படிப் பார்க்கிறீர்கள்? "ஜாதகமே பொய் என்று வீட்டுக்காரரிடம் சொன்னால் அவரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாரே" என்கிறீர்களா? அது எனக்குத் தெரியாதா? ஐந்து வாரமாக அதைத்தான் வாயில் வைத்துக்கொண்டு திரிகிறேன். சோறு போடும்போது சொல்லலாம் என்று போவேன். அவர் எதிரில் அவள் உட்கார்ந்திருப்பாள், நீர்மோரை ஆற்றிக்கொண்டு.

அவளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? ஒரு தடவை, கல்யாணமான புதிதில் இல்லை, ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. யார் கவனிக்கவில்லை என்று சண்டை. வாய் தடித்துவிட்டது. "எட்டாம் எடத்துக்காரி கை பட்டா எது வெளங்கும்?" என்று கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை. அடுப்பைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். கோபம் வந்தால் எல்லாரும் பேசுகிறதுதான். இப்போது நானே போய், "நானும் எட்டாம் இடத்துக்காரிதான்" என்று அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமாக்கும்? அவள் சிரித்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். சிரிக்க மாட்டாள். அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

உங்களிடம் சொல்லலாம். நீங்கள் யாரோ, நான் யாரோ.

கொஞ்சம் இருங்கள். அவர்தான் கூப்பிடுகிறார்.

ம், சொல்லுங்க... இல்ல, இன்னும் போய்ச் சேரல, பஸ்லதான் இருக்கேன்... என்ன பண்றீங்க?... எதுக்குத் தூக்கினீங்க? யாரு தூக்கச் சொன்னா?... வேர்க்குதா?... கை?... எந்தக் கை?... ஜெயக்கொடி இருக்காளா பக்கத்துல?... எண்ணெய் தேய்ச்சா சரியாயிருமா? ஏங்க, ஒரு எட்டு அந்த டாக்டரம்மாகிட்ட... சரி, சரி, கத்தாதீங்க, மூச்சு வாங்குது... ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும்... இல்ல, இந்த ஜாதகம்... ம்... ம்... சரி... சொல்றேன் அவகிட்ட. வெச்சுடுங்க.

கேட்டீர்களா? உங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்! கையை அசைக்க முடியவில்லையாம். டாக்டரம்மாவிடம் போங்கள் என்றால், "நீ இருக்கும்போது எனக்கு என்னடி ஆகும், மகராசி" என்கிறார். மகராசி! அப்புறம் என்ன சொன்னார் தெரியுமா? என் சித்தி மகளை நல்ல டாக்டராகப் பார்க்கச் சொல்ல வேண்டுமாம். உடம்பு விஷயத்தில் அலட்சியமாக இருக்கக் கூடாதாம். இந்த ஆளை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். இப்படி ஒரு முட்டாளோடு இருபத்தேழு வருஷம்.

கொஞ்சம் பேசாமல் இருங்கள். யோசிக்க விடுங்கள்.

நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்? தாலுகா ஆபீஸா? நல்லதாகப் போயிற்று. அதிகாரமாகப் பேச வரும் உங்களுக்கு. போனை எடுங்கள். என் போன் வேண்டாம், பெயர் வந்துவிடும். உங்கள் போனில் போடுங்கள், நான் நம்பர் சொல்கிறேன். "இளமாறன் சார் ஆபீஸ்லேர்ந்து பேசுறேன்" என்று ஆரம்பியுங்கள். "உங்க ஜாதகத்தை சார் திரும்பப் பாத்தாரு. கம்ப்யூட்டர்ல ஒரு கட்டம் மாறிப் போச்சு. கடகத்துலதான் கோளாறு. நெஞ்சுதான். இன்னைக்கு சூரியன் மறையறதுக்குள்ள திருச்சி ஆஸ்பத்திரியில படுத்துரணும்னு சொல்லச் சொன்னாரு" என்று சொல்லுங்கள். என் ஜாதகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பொய்தான். பொய் இல்லாமல் என்ன? உண்மையைச் சொன்னால் கேட்கிற ஆளா அவர்? ஐயோ, பாவ புண்ணியமெல்லாம் பார்க்காதீர்கள், என் தலையில் எழுதிவிடுங்கள். போடுங்கள் அம்மா. உங்கள் காலைப் பிடிக்கிறேன்.

மணி அடிக்கிறதா? எடுத்துவிட்டாரா? பேசுங்கள். இன்னும் கொஞ்சம் மிரட்டலாக.

என்ன சொன்னார்? "சரிங்க மேடம்" என்றாரா? மேடமாம்! கையில் தாளோடு டாக்டரம்மா சொன்னது காதில் ஏறவில்லை. பஸ்ஸில் போகிற நீங்கள் சொன்னதும் உடனே சரிங்க மேடம். வேறு என்ன கேட்டார்? பொண்டாட்டி ஜாதகத்தில் எதுவும் மாறவில்லையே என்றா? நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அது அப்படியேதான் இருக்கு" என்றீர்களா? பரவாயில்லை. உங்களுக்கும் நன்றாகத்தான் பொய் வருகிறது.

பாருங்கள், அதற்குள் ஜெயக்கொடி கூப்பிடுகிறாள். ம், சொல்லு... அப்படியா?... எந்த ஆபீஸ்லேர்ந்து?... அய்யய்யோ... கார் சொல்லியாச்சா? அண்ணனை நடக்க விடாதே, நாற்காலியோட தூக்கி ஏத்தச் சொல்லு. அந்த டாக்டர் கடிதாசு, அந்தப் புத்தகத்துக்குள்ளதான் இருக்கும், எடுத்துக்கோ... நான் நேரா அங்க வந்துடுறேன். நீ அவர் பக்கத்துலயே இரு... ஜெயக்கொடி... ஒண்ணுமில்ல. இரு பக்கத்துல.

கிளம்பிவிட்டார்கள். ஆபீஸிலிருந்தே கூப்பிட்டுச் சொன்னார்களாம், என்ன பொறுப்பு, என்ன பொறுப்பு என்று மெச்சுகிறாள். அந்த வெள்ளைக் கோட்டுக்காரனுக்கு இனி இவள் கோயிலே கட்டுவாள். கட்டட்டும். இந்த ஜனங்களைத் திருத்த முடியாது.

பெரம்பலூர் வந்துவிட்டதா? பரிகாரக்காரரா? அவர் எங்கே ஓடிவிடப் போகிறார், அடுத்த வாரம் வந்து பார்த்துக்கொள்கிறேன். கொஞ்சம் காலை ஒதுக்குங்கள், வண்டி நிற்கிறதுக்கு முன்னாலேயே வாசலுக்குப் போய்விடுகிறேன். திருச்சி பஸ் எந்தப் பக்கம் நிற்கும்? சீக்கிரம் சொல்லுங்கள் அம்மா, எந்தப் பக்கம்?